காவலூர் மலையில் வானத்துக்கு ஒரு பேக்கப்: வைணு பாப்புவின் கதை



லேப்டாப் ஆன் ஆகாம கருப்புத் திரையில நின்னுபோச்சுன்னா, பக்கத்துல இருக்கிறவங்க முதல்ல கேட்கிறது பேக்கப் இருக்கான்னுதான். பெரும்பாலும் இருக்குன்னு பதில் வரும். போட்டோ, ரெக்கார்டு நோட்டு, ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கும். ஆனா லேப்டாப் மட்டும் திரும்ப வராது. ஏன்னா நாம எடுத்து வெச்சது நமக்கு முக்கியம்னு தோணின ஃபைல்களை மட்டும். பூட் பார்ட்டிஷன், டிரைவர்கள், நிறுவின மென்பொருள்கள், ஆறு மாசமா கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வெச்ச செட்டிங்ஸ், இதெல்லாம் அந்தப் பென்டிரைவ்ல கிடையாது.

அதுக்குத்தான் டிஸ்க் இமேஜிங்னு ஒண்ணு இருக்கு. க்ளோன்ஸில்லா மாதிரி மென்பொருள் எது முக்கியம்னு உங்களைக் கேட்காது. பார்ட்டிஷன்ல இருக்கிறதை இருக்கிறபடியே பிரதி எடுத்து ஒரு இமேஜா வெச்சுக்கும். நாளைக்கு டிஸ்க் போனாலும் புது டிஸ்க்ல அந்த இமேஜை இறக்கினா, பழைய கம்ப்யூட்டர் அதே நிலையில எழுந்து நிக்கும்.

கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல வானத்துக்கு இதே வேலையைப் பண்ணினாங்க. அந்த வேலை நடந்த சூழல்ல வளர்ந்து, பிறகு நம்ம ஜவ்வாது மலையில ஒரு வானாய்வகத்தையே எழுப்பின மணலி கல்லட் வைணு பாப்புவைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

வானத்தைப் பார்ட்டிஷன் பிரிச்ச கதை

பாப்பு பிறந்தது 1927 ஆகஸ்ட் 10, சென்னையில. குடும்பத்துக்குப் பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில வேலை. அதனால பையன் தொலைநோக்கிகளுக்கு நடுவுலேயே வளர்ந்தான்.

நிஜாமியா சாதாரண இடம் இல்லை. 1887ல பாரிஸ்ல கூடின வானியலாளர்கள் ஒரு பெரிய திட்டம் போட்டாங்க. வானம் முழுக்கக் கண்ணாடித் தட்டுகளில் படம் எடுக்கணும். ஒரே ஆய்வகத்தால முடியாதுங்கிறதால வானத்தைப் பட்டைகளாகப் பிரிச்சு, உலகம் முழுக்கச் சுமார் 20 ஆய்வகங்களுக்குப் பங்கு போட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி தொலைநோக்கியில, ஒரே அளவுகோல்ல எடுக்கணும்னு விதி. ஹைதராபாத்துக்கு வந்தது தென்வானத்துல 17 டிகிரியிலிருந்து 23 டிகிரி வரைக்குமான பட்டை. பிறகு வடவானத்திலும் ஒரு பகுதி சேர்ந்தது. நம்ம பாஷையில சொன்னா வானத்துக்கு ஒரு டிஸ்க் இமேஜ். ஒரு பார்ட்டிஷன் நிஜாமியா பொறுப்பு.

இந்த வேலை சலிப்பூட்டும் வேலை. தட்டுக்குத் தட்டு நட்சத்திரங்களோட இடத்தை அளந்து புத்தகம் புத்தகமாக அச்சடிச்சாங்க. பல பத்தாண்டுகள் ஓடிப்போச்சு. இதுக்கிடையில வானியல் வேற பக்கம் திரும்பிடுச்சு. இத்தனை பேரோட உழைப்பும் வீண்தானோன்னு பேசினவங்களும் உண்டு. அந்த உழைப்பு என்ன ஆச்சுங்கிறதைக் கடைசியில சொல்றேன்.

இளம் பாப்பு அப்பாவோட ஆய்வகத்துல சும்மா வேடிக்கை பார்க்கலை. ஒளி மாறும் விண்மீன்களைத் தானே கவனிச்சு, மாணவனாக இருக்கும்போதே கட்டுரைகள் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடிச்சார். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையோட ஹார்வர்டுக்குப் போனார்.

தேடாமலே கிடைச்ச வால்மீன்

ஹார்வர்டில் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1949 ஜூலையில், பாப்பு இரவு முழுக்க உட்கார்ந்து எடுத்த தட்டு ஒண்ணுல ஒரு மங்கலான தீற்றல் தெரிஞ்சது. அது அதுவரைக்கும் யாரும் பார்க்காத வால்மீன். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகிர்க் ரெண்டு பேரும் சேர்ந்து உறுதி செய்ததால அதுக்கு பாப்பு-போக்-நியூகிர்க் வால்மீன்னு பேர் வந்தது. பசிபிக் வானியல் சங்கம் டோனஹோ பதக்கம் கொடுத்தது. அப்போ பாப்புவுக்கு வயசு 22கூட நிறையலை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கண்ணால பார்த்து நோட்டுல வரையறவர், தான் தேடுறதை மட்டும்தான் வரைவார். அது ஃபைல் காப்பி மாதிரி. கண்ணாடித் தட்டுக்கு அந்த விருப்பு வெறுப்பு கிடையாது. மேல பூசின வெள்ளி உப்பு, அந்தப் பரப்புல விழுந்த ஒளியை எல்லாம் பதிவு பண்ணிக்கும். யாரும் எதிர்பார்க்காத விருந்தாளியும் அதுல உட்கார்ந்திருப்பார். வேற யாராவது, வேற கேள்வியோட, வேற வருஷத்துல வந்து அதே தட்டைப் பார்க்கலாம். முழு இமேஜ் எடுக்கறதோட லாபமே இதுதான். எது தேவைப்படும்னு இன்னிக்கே தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை.

1952ல முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்து கார்னகி ஆய்வு உதவித்தொகையில கலிபோர்னியாவோட மவுண்ட் வில்சன், பாலோமர் ஆய்வகங்களுக்குப் போனார். அங்கே ஓலின் வில்சனோட சேர்ந்து செய்த வேலைதான் பாப்புவோட பேரைப் பாடப்புத்தகத்தில் ஏத்தினது.

ஒரு கோட்டின் அகலம்

நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரிச்சா நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். கால்சியத்தால வர்ற ஒரு கோட்டுக்கு கே-ன்னு பேர். சூரியனைவிடக் குளிர்ந்த பல நட்சத்திரங்களில் அந்தக் கறுப்புக் கோட்டோட நடுவுல ஒரு சின்ன பிரகாசமான பகுதி இருக்கும். வில்சனும் பாப்புவும் நூற்றுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் நிறமாலைத் தட்டுகளை எடுத்து, அந்தச் சின்னப் பகுதியோட அகலத்தை மட்டும் பொறுமையா அளந்தாங்க. அகலம் கூடக்கூட நட்சத்திரத்தோட உண்மையான பிரகாசமும் கூடுது. 1957ல வெளியான இந்த முடிவுக்குத்தான் வில்சன்-பாப்பு விளைவுன்னு பேர்.

இதனால என்ன பயன்? வானத்துல மங்கலா தெரியற நட்சத்திரம் உண்மையிலேயே மங்கலா, இல்லை ரொம்ப தூரத்துல இருக்கான்னு கண்டுபிடிக்கறது எப்பவுமே சிக்கல். கோட்டோட அகலத்திலிருந்து உண்மையான பிரகாசம் தெரிஞ்சா, தூரத்தையும் கணக்குப் போட்டுடலாம். அளவெடுக்க ஒரு தட்டும் நல்ல அளவுகோலும் போதும்.

அமெரிக்காவுலயே இருந்திருக்கலாம். இருக்கலை. ஊர் திரும்பி 1954ல உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். வாரணாசியில இருந்த அதை நைனிடால் மலைக்கு மாத்துற வேலையும் அவர் கையில்தான் நடந்தது. 1960ல கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார்.

தினமும் ஒரு சூரியன்

கொடைக்கானல் ஆய்வகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792ல சென்னை நுங்கம்பாக்கத்தில் கட்டின வானாய்வகம்தான் இதுக்குத் தாய். 1899ல சூரிய ஆய்வு கொடைக்கானல் மலைக்குப் போனது. 1909ல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சது இங்கேதான்.

அதைவிடப் பெரிய சொத்து ஒண்ணும் அங்க இருக்கு. 1904லிருந்து மேகமில்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வெச்சிருக்காங்க. முதல்ல வெள்ளை ஒளியில, அப்புறம் கால்சியம் ஒளியில, 1912லிருந்து ஹைட்ரஜன் ஒளியிலும். ரெண்டு உலகப்போர் நடந்தது, வெள்ளைக்காரன் போனான், இயக்குநர்கள் மாறினாங்க. படம் எடுக்கறது மட்டும் நிக்கலை. நாம இன்க்ரிமென்டல் பேக்கப்னு சொல்றோமே, தினமும் மாறினதை மட்டும் சேர்த்துக்கிட்டே போறது, கிட்டத்தட்ட அதேதான்.

பாப்பு வந்தபோது அவர் கையில ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு இந்தப் பழைய சொத்து. இன்னொண்ணு, அவர் வர்றதுக்குச் சற்று முன்னாடி நிறுவப்பட்ட புதிய சுரங்கத் தொலைநோக்கி. புதுசு வந்துடுச்சேன்னு பழைய தினசரிப் படத்தை அவர் நிறுத்தலை. புதுக் கருவி ஒரு கணத்தை நுணுக்கமாகக் காட்டும். பழைய வரிசை நூறு வருஷத்தைக் காட்டும். ரெண்டும் வேற வேற வேலை.

ஆனா ராத்திரி வானத்துக்குக் கொடைக்கானல் தோதான இடம் இல்லை. மேகம் அதிகம். பெரிய தொலைநோக்கி வைக்க வேற மலை தேடணும்.

ஜவ்வாது மலையில் ஓர் இடம்

1960களில் பல இடங்களைப் பார்த்து ஆராய்ஞ்ச பிறகு பாப்பு தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயத்துக்கு மேல, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சந்தன மரத்துக்குப் பேர்போன காடு. சாமை விளைவிக்கிற மலைவாழ் மக்களோட ஊர்கள். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு.

உயரம் மட்டும்தான் கணக்குன்னா தமிழ்நாட்டுல இதைவிட உயரமான மலைகள் உண்டு. காவலூரோட பலம் அது இருக்கிற அட்சரேகை. பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரி சொச்சத்துல இருக்கிறதால வடவானத்தோட தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். தீர்க்கரேகையும் முக்கியம். ஆஸ்திரேலியாவுல விடிஞ்சு, தென்னாப்பிரிக்காவுல இன்னும் இருட்டாத நேரத்துல வானத்தைப் பார்க்க நடுவுல ஒரு ஆய்வகம் வேணும். காவலூர் இருக்கிறது அந்த இடைவெளியில.

முதல் தொலைநோக்கியை வெளிநாட்டுலேர்ந்து வாங்கலை. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுவந்து 1968ல வேலையை ஆரம்பிச்சாங்க. 1972ல கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருஷமே, வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிற அரிய நிகழ்வு காவலூரில் பதிவாச்சு.

இதுக்கிடையில 1971ல கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாச்சு. பாப்பு அதன் முதல் இயக்குநர். 1975ல தலைமையகம் பெங்களூருக்குப் போனது. கொடைக்கானலில் சூரியன், காவலூரில் இரவு வானம், பெங்களூரில் ஆய்வுக்கூடமும் நூலகமும்.

யுரேனஸ் இரவு

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால கடக்கப் போகுதுன்னு கணக்கு சொன்னது. அமெரிக்கக் குழு ஒண்ணு விமானத்துல தொலைநோக்கி வெச்சு இந்தியப் பெருங்கடல் மேல பறந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியோட ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் தயாரா இருந்தாங்க.

கோள் மறைக்கிற நேரம் வர்றதுக்கு முன்னாடியே பதிவைத் தொடங்கியாச்சு. அப்போதான் நட்சத்திர ஒளி ஒரு கணம் குறைஞ்சு மறுபடி வந்தது. கருவிக் கோளாறா, மேகமா? விமானத்தில் போனவங்க பதிவிலும் அதே மாதிரி குறைவுகள். ரெண்டு இடத்துல, ரெண்டு கருவியில தெரிஞ்சதால கோளாறுன்னு தள்ள முடியலை. யுரேனஸைச் சுத்தி வளையங்கள் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான். அதுவரைக்கும் வளையம்னா சனிக்கு மட்டும்தான்.

நிகழ்வு நேரத்துக்கு மட்டும் ரெக்கார்டரை ஆன் பண்ணியிருந்தா இது போயிருக்கும். முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து முழுசா பதிவு பண்ணினதும், வேற இடத்துல இன்னொரு பிரதி இருந்ததும்தான் காப்பாத்தினது. பேக்கப் பாடத்துல வர்ற ரெண்டு விதியும் இதுதான்: முழுசா எடு, ஒரு பிரதியைத் தள்ளி வேற இடத்துல வை.

மூனிக்கில் முடிந்த பயணம்

பாப்புவோட அடுத்த கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. காசு கொடுத்து வாங்காம இந்தியாவுலேயே செய்யணும்னு முடிவு பண்ணினார். கண்ணாடிக்கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. அதைத் தேய்ச்சு மெருகேத்தற வேலை நிறுவனத்தோட சொந்த ஒளியியல் பட்டறையில. பெரிய இரும்பு அமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில. ஒரு மீட்டர் அகலத்துக்கு மேல யாரும் இங்க மெருகேத்திப் பழகாத காலம் அது. வாங்கினா சீக்கிரம் வந்திருக்கும். ஆனா பழுதானா சரி பண்ணத் தெரிஞ்ச கைகள் இங்க இருந்திருக்காது.

1979ல சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்வானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1981ல பத்மபூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரத்தில் ஒன்றியத்தின் பொதுச்சபை கூடினது. தலைமை தாங்க வேண்டிய பாப்பு அங்க போக முடியலை. இதய அறுவை சிகிச்சைக்காக மூனிக் மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்ட் 19ல அங்கேயே இறந்துபோனார். 55 வயசு முடிஞ்சு ஒன்பதே நாள்.

தொலைநோக்கி பாதியில நின்னுடுமோங்கிற கேள்வி இயல்பா எழும். ஒரே மனுஷர் இடம் தேடி, பணம் கேட்டு, ஆள் சேர்த்து, வரைபடம் வரைக்கும் பார்த்த திட்டம். இஞ்சினியரிங்கில் இதுக்கு ஒற்றைப் புள்ளித் தோல்வின்னு சொல்வோம். அந்த ஒரு பாகம் போனா மொத்தமும் போயிடும்.

போகலை. யுரேனஸ் இரவில் இருந்த பட்டாச்சார்யா இயக்குநர் பொறுப்பை ஏற்றார். கண்ணாடி மெருகேத்தறவங்க மெருகேத்தினாங்க, மின்னணுப் பிரிவு அதோட வேலையைப் பண்ணினது. 1986 ஜனவரி 6ல பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கியைத் திறந்து வெச்சார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பேரே வெச்சாங்க. அப்போ இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான். அதே மலையிலிருந்து 1988ல ராஜமோகன் கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேர்.

பாப்பு தன் தலையில இருந்ததைப் பட்டறைகளிலும் ஆட்களிடத்திலும் ஏற்கெனவே பிரதி எடுத்து வெச்சிருந்தார். அதனாலதான் அவர் இல்லாமலும் சிஸ்டம் பூட் ஆச்சு.

ரீஸ்டோர் ஆன நாள்

இப்போ ஹைதராபாத் தட்டுகளுக்கு வருவோம். 1989ல ஐரோப்பா ஹிப்பார்க்கஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பி நட்சத்திரங்களோட இடத்தை மிகத் துல்லியமா அளந்தது. ஆனா ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா நகருதுன்னு சொல்ல இன்னிக்கு இருக்கிற இடம் மட்டும் போதாது. பழைய இடமும் வேணும். எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. அப்போ ஆராய்ச்சியாளர்கள் போய் எடுத்தது, வீண்னு பேசப்பட்ட அந்தப் பழைய வானப் பட்டியலைத்தான். நிஜாமியாவில அளந்த பட்டையும் அதுல அடக்கம். 2000ல வெளியான டைக்கோ-2 பட்டியலில் சுமார் 25 லட்சம் நட்சத்திரங்களோட நகர்வு இருக்கு. அதோட பழைய முனை அந்தக் கண்ணாடித் தட்டுகள்.

கொடைக்கானல் சூரியப் படங்களும் இதே வழியில ஸ்கேன் செய்யப்பட்டு, இப்போ ஆராய்ச்சியாளர்கள் யார் வேணும்னாலும் பயன்படுத்தற மாதிரி கிடைக்குது. நூறு வருஷத்துச் சூரியப் புள்ளிகளை ஒரே புரோகிராம்ல ஓட்டிப் பார்க்கலாம்.

இந்த ரீஸ்டோர் சாத்தியமானதுக்குக் காரணங்கள் எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான். கண்ணாடி சுருங்காது, வளையாது. எடுத்த தேதியும் நேரமும் கூடவே குறிச்சிருந்தது. அளவுகோல் ஒரே மாதிரி இருந்தது. நேரம் எழுதாத தட்டு, எந்தக் கம்ப்யூட்டரோடதுன்னு தெரியாத இமேஜ் ஃபைல் மாதிரி. இடத்தை அடைக்கும், உதவாது.

நீங்க இமேஜ் எடுக்கும்போதும் இதையே பாருங்க. பூட் பார்ட்டிஷனையும் சேர்த்து எடுங்க. தேதி, இயந்திரத்தோட பேர், டிஸ்க் அளவு எல்லாம் எழுதி வைங்க. சின்ன டிஸ்க்ல பெரிய இமேஜ் சுலபத்துல இறங்காது. அதே டிஸ்க்லயே இமேஜை வைக்காதீங்க. எடுத்து முடிச்சதும் சரிபார்ப்பு ஓட்டுங்க. ஒரு தடவையாவது வேற டிஸ்க்ல இறக்கிப் பாருங்க. அப்படியே, இந்த வருஷம் பாஸ் அவுட் ஆகப்போற சீனியர் அண்ணா, அக்காக்கிட்ட லேப் சர்வரும் க்ளப் ப்ராஜெக்ட்டும் எப்படி ஓடுதுன்னு எழுதி வாங்கிக்கோங்க. அந்தப் பாஸ்வேர்டும் வயரிங் படமும் எந்த இமேஜிலும் வராது.

லீவுல நேர்ல பார்க்கணும்னா வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியா காவலூர் போகலாம். பார்வையாளர்களை எப்போ அனுமதிக்கறாங்கன்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. மேகமில்லாத நாளாப் பார்த்துப் போனா இன்னும் நல்லது. மலை ஏறினதும் மரங்களுக்கு மேல வெள்ளைக் கோபுரம் ஒண்ணு தெரியும். அதுக்குள்ளதான் பாப்பு முழுசாப் பார்க்காம போன அந்த 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கு.